புதுக் கணினியில் முதல் வேலை

புதுக் கணினி கைக்கு வந்ததும் நான் முதலில் இறக்குவது 'எவ்ரிதிங்' என்ற குட்டித் தேடல் மென்பொருளைத்தான். விண்டோஸில் கோப்பு தேடினால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்குமே, அந்தக் காத்திருப்பு இதில் கிடையாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகக் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) வட்டில் ஏற்கெனவே உண்டு. எவ்ரிதிங் கோப்புறை கோப்புறையாக அலையாமல் அந்த அட்டவணையையே நேராகப் படித்துவிடும். பெயரின் முதல் மூன்று எழுத்தைத் தட்டுவதற்குள் கோப்பு வந்து நிற்கும். தமிழில் பெயர் வைத்திருந்தால் தமிழிலேயே தேடலாம். போன வாரம் வட்டு நிரம்பிவிட்டது. 1 ஜிபிக்கு மேற்பட்டதை மட்டும் காட்டச் சொன்னேன். எப்போதோ எடுத்து மறந்த திரைப்பதிவு ஒன்று மட்டுமே 14 ஜிபி!

அப்புறம் படம் பார்க்க விஎல்சி என்ற மென்பொருள். 1996இல் பாரிஸில் மாணவர்கள் தொடங்கிய வேலை, இன்றைக்கும் இலவசம், விளம்பரமும் இல்லை. வசன வரிகள் பேச்சோடு ஒட்டாமல் முன்பின்னாக ஓடினால் ஜி, எச் விசைகளைத் தட்டித் தட்டிச் சரிசெய்யலாம். இது தெரியாமல் எத்தனை படங்களைப் பாதியில் மூடியிருக்கிறேன்!

சுருக்கிய கோப்புகளுக்கு செவன்-ஜிப் போதும், வேறெதுவும் வேண்டாம்.

எதையும் இறக்காமலே கிடைப்பது ஒன்று: விண்டோஸ் விசையோடு வி விசையையும் சேர்த்துத் தட்டுவது. ஒருமுறை இயக்கிவிட்டால் நகலெடுத்த கடைசி 25 துண்டுகள் வரை வரிசையாக நிற்கும். நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர்கள் இன்றே போட்டுப் பாருங்கள்.