பங்குனியில் ஒரு செட்டிநாட்டுச் சுற்று

சென்னையிலிருந்து தங்கை குடும்பத்தோடு பங்குனியில் வருவதாகச் சொன்னபோது, "இந்த வெயிலிலா? மார்கழியில் வரச் சொல்லியிருக்கலாமே" என்றுதான் காரைக்குடியில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று இலக்கணம் வகுத்திருந்தாலும், எங்கள் வறண்ட சீமையில் அவ்விரு மாதங்களும் அனலாகவே கழியும். புங்கமரம் பழைய இலையை உதிர்த்துப் பளபளக்கும் தளிர் விடுவதும், வேம்பு பூத்துத் தெருவெல்லாம் மணப்பதும், விடியும் முன்பே குயில் கூவுவதும் பங்குனியை ஒட்டித்தான். அதோடு, வெயில் ஏறத் தொடங்கும் இந்த நாள்களில் வந்து நின்றால்தான் எங்கள் ஊர் வீடுகள் ஏன் இப்படிக் கட்டப்பட்டன என்பது உடம்புக்கே விளங்கும்.

முதல் நாள் கானாடுகாத்தானுக்குப் போனோம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912-இல் கட்டிய அரண்மனையைத் தெருவில் நின்று பார்த்துவிட்டு, எனக்கு நெடுநாள் பழக்கமான ஓர் ஆச்சியின் பூர்வீக வீட்டுக்கு எல்லாரையும் அழைத்துச் சென்றேன். உச்சிவேளை. தெருவில் செருப்பைத் தாண்டிச் சூடு ஏறியது. முகப்பைக் கடந்து, முற்றத்தைச் சூழ்ந்த உள்பகுதியான வளவுக்குள் கால் வைத்ததும் தங்கை சட்டென்று நின்று, "அண்ணே, ஏசி ஓடுதா?" என்று கேட்டாள். அங்கே மின்விசிறிகூட ஓடவில்லை. முகப்பு வாசலில் நின்று பார்த்தால் கட்டுக்குக் கட்டு வாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்து பின்வாசல் வரை தெரியும். திறந்த முற்றத்தில் சூடேறிய காற்று மேலே எழும்ப, நிழலில் கிடக்கும் கட்டுகளிலிருந்து காற்று அந்த இடத்தை நிரப்ப நகரும். தங்கை மகள் சுவரில் கன்னத்தை வைத்து, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றாள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து அரைத்து, பூச்சின் மேல் பூச்சாக ஏற்றித் தேய்த்த சுவர் அது. பர்மாத் தேக்குத் தூண்களைப் பற்றியும் இத்தாலியப் பளிங்கைப் பற்றியும் எல்லாரும் எழுதுகிறார்கள். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி எழுதுகிறவர்கள் குறைவு என்பது என் ஆதங்கம்.

தங்கை மகன் முற்றத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்து, "மாமா, மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே கொட்டுமே, அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகும்?" என்று கேட்டான். அன்று என் காதில் விழுந்த கேள்விகளில் இதுதான் சிறந்தது. நாற்புறமும் சரிந்த ஓட்டுக்கூரையிலிருந்து விழும் நீரை அண்டாக்களில் பிடித்து வைப்பார்கள் என்றும், மிஞ்சுவது வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து ஊர்க் குளமான ஊருணியை நோக்கி ஓடும் என்றும் சொல்லி, அவனை ஊருணிக் கரைக்கே அழைத்துச் சென்று காட்டினேன். வற்றாத ஆறில்லாத சீமை இது. வீடு, தெரு, ஊருணி மூன்றையும் சேர்த்தே எங்கள் முன்னோர் யோசித்திருக்கிறார்கள். 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் இடம்பெற்றபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்குக் காரணம், தனி மாளிகைகளாக அல்லாமல் ஊர்களாகவே அவை இடம்பெற்றன என்பதுதான்.

மாலையில் ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது பூவேலைத் தரைக்கல், செய்யும் ஒரு பட்டறைக்குப் போனோம். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் சிமெண்டுடன் கலந்த சாயத்தைக் கரண்டியால் ஊற்றினார் அங்கிருந்த பெரியவர். சிவப்பு, பச்சை, மஞ்சள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டபடி நின்றன, கலக்கவில்லை. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை போட்டு அழுத்திச் சமன் செய்தார். இதைச் சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுப்பார்கள். கண்ணாடி விலகும்போது அதன் வழவழப்பு கல்லில் தங்கிவிடும். சூளையில் சுடும் வேலையே இதில் கிடையாது. நடக்க நடக்க மெருகு கூடும் தரை இது.

மறுநாள் விடிகாலையில் திருப்பத்தூருக்கு அப்பால் உள்ள வேட்டங்குடிக்குக் கிளம்பினோம். வேட்டங்குடி, பெரிய கொள்ளுகுடி, சின்னக் கொள்ளுகுடி ஆகிய மூன்று கண்மாய்களும் (பாசன ஏரிகள்) சேர்ந்து 1977-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. கூட்டம் கூட்டமாகப் பறவை பார்க்க விரும்புகிறவர்கள் கார்த்திகை, மார்கழியில்தான் வரவேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பங்குனியில் பெரும்பாலானவை கிளம்பிவிடும், கண்மாயும் சுருங்கியிருக்கும். ஆனாலும் மிச்சமிருந்த நீரில் நத்தைகுத்தி நாரைகள் சில நின்றன. ஒன்று சேற்றில் அலகை விட்டுத் துழாவி நத்தையைப் பிடித்து, ஓட்டை உடைக்காமலே சதையை மட்டும் உருவித் தின்றதைத் தங்கை பிள்ளைகள் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பறவைகள் வெருளக் கூடாது என்பதற்காகக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எங்களுக்குச் சற்றுத் தள்ளி நின்ற காரில் பாட்டை அலறவிட்டுக்கொண்டிருந்தவர்களிடம் போய் இதைச் சொன்னேன், உடனே நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளையார்பட்டியில் அன்று கூட்டம் அதிகம். பாறையைக் குடைந்து வடித்த கற்பக விநாயகரைச் சில நொடிகளே கும்பிட முடிந்தது. குன்றக்குடி முருகன் மலைக்கோயில் பங்குனி உத்திரத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்ததால் அடிவாரத்தோடு திரும்பினோம்.

வெயில் தாழ்ந்ததும் திருமயம். அது புதுக்கோட்டை மாவட்டம் என்றாலும் காரைக்குடிக்காரர்களுக்குப் பக்கத்து ஊர்தான். 1687-இல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை மேலே. அதே குன்றின் அடியில், ஒரே பாறையைக் குடைந்து பள்ளிகொண்ட பெருமாளுக்கும் சிவனுக்கும் அமைத்த இரண்டு குடைவரைகள். பாறையில் பகல் சூடு மிச்சம் இருந்தது. உச்சியில் பீரங்கி இருக்கும் மேடைக்கு ஏறியபோது காற்று அள்ளியது. எங்கே பார்த்தாலும் பனையும் பொட்டலும், இடையிடையே மாலை வெளிச்சத்தில் தகடுபோல மின்னும் நீர்நிலைகளும். தங்கை மகன் விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினான். எது ஊருணி, எது கண்மாய் என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்டான், தெரிந்தவற்றைச் சொன்னேன். பதினொன்றாவதில் இருந்தபோது, கோட்டை மூடும் நேரம் ஆகிவிட்டது என்று கீழேயிருந்து காவலாளி குரல் கொடுத்தார்.