செங்கவருக்கை ஒட்டு துளிர்த்தாச்சு: அம்மா மரமும் சக்கைப் பாலும்

பலா ஒட்டு பிடித்துவிட்டது! போன மழைக்கு வைத்ததெல்லாம் கறுத்துப் போய், அதற்கு முந்தின மழைக்கு வைத்ததும் கறுத்துப் போய், இந்த ஆனியில் வைத்ததில்தான் பாதிக்கு மேல் துளிர் விட்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் பெருமையடிக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரம் அம்மாவுடையது. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்தில் எங்கள் வீட்டு மேற்கு வேலியில் நிற்கும் செங்கவருக்கை, அதாவது சுளை சிவந்து கெட்டியாக இருக்கும் பலா. எங்கள் பக்கத்தில் பலாவுக்குச் சக்கை என்றுதான் பேச்சு. கல்யாணமாகி வந்த வருடம் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தாளாம். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த அன்று அதில் பெரிய கவை ஒன்று பிளந்து விழுந்தது. சுற்றிலும் ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடக்கிறது, கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, அம்மா எழுபது வயதில் ஏணி மேல் நின்று சாணியும் களிமண்ணும் குழைத்துக் காயத்தில் பூசிக்கொண்டிருக்கிறாள். இறங்கும்மா என்றால், "நீ ஏணியப் பிடி மக்கா, பேசாத" என்று பதில். மரம் பிழைத்தது. ஆனால் அந்த இடத்தில் பொந்து விழுந்து, உள்ளே உளுத்துக்கொண்டே போகிறது. அம்மா போன வருடம் போய்விட்டாள். மரம் இன்னும் எத்தனை மழை தாங்குமோ.

கொட்டை போட்டால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். சக்கை அயல் மகரந்தத்தில் காய்ப்பது, கொட்டையில் தாய் குணம் அப்படியே வராது. சாட்சி வேறு வேண்டாம்: இதே மரத்துக் கொட்டையில் அம்மா வளர்த்த மரம் கிணற்றடியில் நிற்கிறது, காய்ப்பது சுத்தக் கூழன், கொழகொழவென்று குழைந்த சுளை. அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை, கூழனை வெல்லம் போட்டுக் கிண்டும் சக்கை வரட்டிக்கு வைத்துக்கொள்வாள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது, செங்கவருக்கைதான் வேண்டும். ஒரு நாற்றுப்பண்ணையில் செங்கவருக்கை ஒட்டு என்று சொல்லித் தந்த கன்று வெளுத்த சுளை காய்த்த கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கம்பை ஆப்பு மாதிரி சீவிச் செருகும் ஆப்பு ஒட்டு எப்படி வைப்பது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாள் முன்னாடியே இலையை நறுக்கிக் காம்பை மட்டும் விட்டு, காம்பு உதிர்ந்து மொட்டு பருத்ததும் கம்பு எடுப்பது, புதுக் கொட்டையில் முளைத்த இளந்தண்டில் செருகுவது, எல்லாம் வழக்கம்போலத்தான். என் உயிரை எடுத்தது பால். மாவில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. சக்கைக் கம்பைச் சீவின மறு நொடி வெட்டுவாயில் பால் கட்டி, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள பச்சைப் படலம் ஒன்றோடொன்று தொட விடாமல் பசை மாதிரி நின்றுவிடுகிறது. வெளியே பார்த்தால் கட்டு கச்சிதமாக இருக்கும், உள்ளே சேர்ந்திருக்காது.

நான் பார்த்த புத்தகமெல்லாம் ஒட்டுக்கம்பை விடியற்காலையில் வெட்டச் சொல்கிறது. வேறு வழியைக் காட்டினவர் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற பக்கத்து வீட்டு அண்ணன். "விடியக்காலம் முறிச்சா பால் ஓடத்தாம் செய்யும். நாங்க எதுக்கு இருட்டோட எழும்பிப் போறோம்? வெயிலு ஏறிச்சுன்னா பால் நிக்கும்" என்றார். சரியான பேச்சு. ரப்பருக்கு எது லாபமோ அது சக்கை ஒட்டுக்கு நஷ்டம், அவ்வளவுதான். அதனால் இந்த முறை மத்தியானம் தாண்டிக் கம்பு எடுத்தேன், அதுவும் கம்பு வாடாமலிருக்க மேகம் மூடின நாளாகப் பார்த்து. வெட்டுவாயைத் தண்ணீரில் முக்கி நிறுத்தி, பால் வடிந்து நின்றதும் ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, புது பிளேடால் மெல்லிசாக ஒரே இழுப்பில் ஆப்புச் சீவி உடனே செருகிவிட வேண்டும். ரெண்டாவது இழுப்பு இழுத்தால் மறுபடி பால் வரும், மேடு பள்ளமும் விழும். பிளேடில் பால் காய்ந்துவிட்டால் அதைத் தூரப் போடுங்கள், துடைத்துத் துடைத்து ஓட்டாதீர்கள்.

இன்னொன்று, எண்ணெய். அம்மா கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவாமல் சக்கையைத் தொடவே மாட்டாள், நமக்கெல்லாம் அதே பழக்கம்தான். ஒட்டு வைக்கும்போது ஒரு சொட்டு எண்ணெய் கூட ஆகாது, வெட்டுவாயில் பட்டால் சேரவே சேராது. விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டியதுதான்.

ஒட்டின் மேலே மூடினது சிப்பப் கவர், ஐஸ் உறைய வைக்கும் நீளமான பிளாஸ்டிக் உறை. பேரப்பிள்ளைகள் கோடை லீவுக்கு வந்தால் அம்மா நன்னாரி சர்பத்தைக் கரைத்து அந்தக் கவரில் ஊற்றி ஃபிரிட்ஜில் அடுக்குவாள், ஆளுக்கு இத்தனை என்று கணக்கும் வைப்பாள், கேட்காமல் எடுத்தவனுக்கு வாழைக்குத் தண்ணீர் ஊற்றுகிற தண்டனை. மிச்சக் கவர் கட்டு அடுக்களை அலமாரியில் அப்படியே இருந்தது. அகலம் ஒட்டுக்குச் சரியாக இருக்கிறது, உள்ளே ஈரமும் நிற்கிறது. மார்த்தாண்டத்திலும் கிடைக்கும், நர்சரிக்காரர்கள் சொல்கிற விலையில் பாதிக்கும் குறைவு.

அதே அலமாரியில் அம்மாவின் விதைப் போத்தல்களும் இருந்தன. எல்லாவற்றிலும் மலையாள எழுத்து. 1956-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும்போது அம்மாவுக்கு ஒன்பது வயது, அதுவரை படித்தது மலையாளம். எங்களுக்குத் தமிழில் கடிதம் எழுதுவாள், விதைக்கு மட்டும் கடைசிவரை அந்த எழுத்துதான். என் மகள் போனை வைத்துப் படித்துப் படித்துத் தமிழில் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். வெண்டை, பாவல், சதுரப் பயறு தெரிந்துவிட்டது. ஒரு போத்தலில் "சின்னவளுக்கு" என்று மட்டும் எழுதியிருக்கிறது. உள்ளே ஏதோ பூச்செடி விதை, போட்டுப் பார்த்தால்தான் தெரியும். சின்னவள் என்றால் என் தங்கையா, தங்கை மகளா என்று வீட்டில் இன்னும் தீராத வழக்கு.

கேரளாவில் 2018-ல் சக்கையை மாநிலப் பழமாக அறிவித்த பிறகு அந்தப் பக்கம் ஒட்டுக்கன்று வியாபாரம் ஜோராக நடக்கிறது. தமிழ்நாட்டுக்கும் மாநிலப் பழம் இதுதான், இங்கே யாருக்கு ஞாபகம் இருக்கிறது! பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்து ரகம் நல்ல ரகம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அம்மா மரமில்லை.

கவரை இன்னும் கழற்றவில்லை. இலை விரிந்து முற்றட்டும் என்று விட்டிருக்கிறேன், அதற்குள் பசங்க ஊதிப் பார்க்காமல் இருக்க வேண்டும். அடுத்தது பலா இனத்துக் காட்டு மரமான அயனியை அடிக்கன்றாக (வேரோடு நிற்கும் கன்றாக) வைத்து இதே செங்கவருக்கையை ஏற்றிப் பார்க்கும் யோசனை. புது அயனிக் கொட்டை காயாமல் வேண்டும், காய்ந்தது முளைக்காது. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், பதிலுக்கு அம்மா கையால் வைத்த வாசனை இலை வயண மரத்தடியில் கன்று நிறைய முளைத்துக் கிடக்கிறது, பிடுங்கித் தருகிறேன்.