நான்காவது இரவில் கிடைத்த கடப்பு: எச்டி 189733

மூன்று முறை தோற்ற பிறகு, சென்ற சனிக்கிழமை இரவு, எச்டி 189733 என்னும் விண்மீனின் குறுக்கே அதன் கோள் கடந்து செல்வதை என் 8 அங்குலத் தொலைநோக்கியில் பதிவுசெய்துவிட்டேன். கோள் மறைக்கும்போது விண்மீனின் ஒளி குறைவதைக் காட்டும் ஒளி வரைகோட்டில் விழுந்த பள்ளத்தின் ஆழம் 2.3 சதவீதம், ஆய்வாளர்கள் தரும் மதிப்பு ஏறத்தாழ 2.4. பிரான்சின் ஓட் புரோவான்ஸ் வானாய்வகத்தில் பிரான்சுவா பூஷி குழுவினர் 2005-இல் கண்டுபிடித்த கோளை மொட்டை மாடியிலிருந்தே அளக்க முடிந்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி.

முந்தைய மூன்று இரவுகளையும் கெடுத்தது ஃபிளாட்தான், அதாவது தூசி நிழல் போன்ற குறைகளைப் படத்திலிருந்து நீக்குவதற்காகச் சீரான ஒளியில் எடுக்கும் படம். விண்மீன் உச்சிக்கோட்டை (தலைக்கு மேல் வடக்கு தெற்காகச் செல்லும் கோடு) தாண்டியதும் தொலைநோக்கியைத் தாங்கும் மவுண்டைப் புரட்ட வேண்டியிருப்பதால், அது சென்சாரின் வேறொரு மூலைக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு தூசியின் நிழல் 1 சதவீத ஒளியை விழுங்கினாலும் வரைகோட்டில் படிக்கட்டு விழுந்து, பள்ளம் எது, தூசி எது என்று பிரிக்க முடியாமல் போகிறது. கேமராவைக் கழற்றிவிட்டு மறுநாள் மீண்டும் மாட்டி ஃபிளாட் எடுத்ததே என் தவறு. கேமரா சற்றே திரும்பினாலும், குவியம் சிறிது நகர்ந்தாலும் ஃபிளாட் பொருந்தாது. பொலிவெண் (பிரகாச அளவு) 7.7 உள்ள விண்மீனின் ஒளி சென்சாரின் வரம்பை மீறிவிடாதபடி, நடுவில் ஓட்டையுள்ள உளுந்து வடைபோல் அது தெரியும்வரை குவியத்தை விலக்கியிருந்தேன். இம்முறை எதையும் தொடாமல், விடியற்கால வானத்தை நோக்கிக் குழாயைத் திருப்பி, பழைய பருத்தி வேட்டியை இரண்டாக மடித்துச் சுருக்கமின்றி அதன் வாயில் இழுத்துக் கட்டி, 40 படங்கள் எடுத்தேன். படிக்கட்டு மறைந்துவிட்டது.

இந்த விண்மீனில் கரும்புள்ளிகள் மிகுதி. அதன் ஒளியே மெல்ல மாறிக்கொண்டிருப்பதால், கடப்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது படம் எடுத்தாக வேண்டும். இணையத்தில் வாங்கிய சிவப்பு வடிகட்டி கீறலோடு வந்ததால் திருப்பி அனுப்பிவிட்டேன். மாற்று வந்ததும், சூரியனல்லாத விண்மீன்களில் 1999-இல் முதன்முதலாகக் கோள் கடப்பு காணப்பட்ட எச்டி 209458-ஐ முயல்வேன். அங்கே பள்ளம் இதைவிட ஆழம் குறைந்தது, கடப்போ சுமார் மூன்று மணி நேரம் நீளும்.

அதற்கு முன், இந்தக் கடப்பின் நடுநேரத்தைக் கணக்கிட வேண்டிய வேலை பாக்கியிருக்கிறது. சுற்றுக்காலம் 2.2186 நாள் என்பதால், ஒன்பது சுற்று கழித்து, அதாவது 20-ஆம் நாள் இரவில், ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்னதாக அடுத்த வாய்ப்பு வரும். வேட்டியைத் துவைத்து வைத்துவிட்டேன்.