ஹோய் ஆன் நகரை நடுவில் வைத்துப் போட்ட வியட்நாம் திட்டம்

ஹனோய், ஹுவே, ஹோய் ஆன், சைகோன் (இன்றைய ஹோ சி மின் நகரம்) என்று வியட்நாமை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்து வந்த எங்கள் குடும்பப் பயணத்தின் தேதிகள், வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரிலிருந்தே கிடைத்தன. ஹோய் ஆன் என்னும் பழைய துறைமுக நகரில் ஒவ்வொரு சந்திர மாதத்தின் பதினான்காம் நாள் இரவும் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, தெருக்களிலும் ஆற்றுப் படகுகளிலும் துணிக்கூண்டு விளக்குகளை மட்டும் ஏற்றுவார்கள். அவர்களுடைய மாதம் அமாவாசையில் தொடங்குவதால், அந்த இரவு நம் பௌர்ணமியை ஒட்டியே வரும். காலண்டரில் பௌர்ணமியைப் பார்த்து, வியட்நாமின் சந்திர நாள்காட்டியோடு ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, அந்த ஓர் இரவை நடுவில் நிறுத்தினோம். ஹனோய்க்கான நாட்களை அதிலிருந்து பின்னோக்கியும் சைகோனுக்கான நாட்களை முன்னோக்கியும் எண்ணினோம்.

எந்தப் பௌர்ணமி என்பதை வானிலை முடிவு செய்தது. நாடு ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடப்பதால் ஒரே வாரத்தில் மூன்று வானிலைகள் நிலவும். மத்திய வியட்நாமில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். 2025 அக்டோபர் இறுதியில் ஹுவேயும் ஹோய் ஆனும் வெள்ளத்தில் மூழ்கின. ஹனோயில் பிப்ரவரியிலும் மார்ச் முற்பகுதியிலும் ஓயாத தூறலும் மூட்டமும் இருக்கும். டெட் எனப்படும் அவர்களுடைய புத்தாண்டு ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும்போது நாடே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவதால் ரயில் டிக்கெட் கிடைப்பது பெரும்பாடு. ஏப்ரல் 30, மே 1 விடுமுறைகளிலும் ஏறத்தாழ இதே கதைதான். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தபோது பங்குனிப் பௌர்ணமி எஞ்சியது. அப்போது சைகோனில் வெயில் கொளுத்தும் என்று பலரும் எச்சரித்தார்கள். சென்னையில் குடியிருப்பவர்களுக்கு அது ஒரு செய்தியே அல்ல.

விமானத்தைப் பொறுத்தவரை, ஹனோயில் இறங்கி சைகோனில் ஏறுவது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். போய்வரும் டிக்கெட்டை ஒரே ஊருக்கு எடுத்தால், கடைசியில் நாட்டின் முழு நீளத்தையும் திரும்பக் கடப்பதற்கென்றே ஒரு பகலும் ஒரு கட்டணமும் வீணாகும். தேடும் இடத்தில் ‘மல்டி சிட்டி’ என்ற தேர்வில் இரண்டு பயணங்களையும் சேர்த்துப் போட்டால், பெரிய விமான நிறுவனங்களில் இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளைத் தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாக வருவதுண்டு. சென்னையிலிருந்து கோலாலம்பூர், சிங்கப்பூர், பாங்காக் போன்ற ஊர்களில் விமானம் மாறிப் போகலாம். மாறுகிற இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும் என்பதைத்தான் நான் கட்டணத்தைவிட முக்கியமாகக் கருதினேன். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு அப்போது நிறுவனத்துடையது.

தமிழர்களுக்கென்றே உள்ள சிக்கல் பெயரில் தொடங்குகிறது. என் பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ என்ற இடம் காலியாக இருக்கிறது. என் பெயரும் அப்பாவின் பெயரும் சேர்ந்து ‘கிவன் நேம்’ என்ற வரியில் உள்ளன. அம்மாவின் பாஸ்போர்ட்டிலோ தாத்தாவின் பெயர் சர்நேமாக நிற்கிறது. சர்நேமைக் காலியாக விட்டால் விமான டிக்கெட் படிவம் அடுத்த பக்கத்துக்கே நகராது. சில நிறுவனங்கள் கடைசிச் சொல்லைப் பிரித்து எழுதச் சொல்கின்றன, சில அதே பெயரை இரண்டு இடங்களிலும் எழுதச் சொல்கின்றன. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே அந்தந்த நிறுவனத்தின் விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகளோடு அச்சிட்டிருக்கும் இரண்டு வரிகளை எடுத்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள எழுத்துகளை அப்படியே பார்த்து நிரப்பினேன்.

வியட்நாமின் இ-விசா 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை வழங்கப்படுகிறது. ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் பணம் திரும்ப வராது. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்துக்கொண்டு இருமடங்கு கேட்கும் இடைத்தரகர் தளங்கள் ஏராளம் என்பதால், முகவரி ‘ஜிஓவி டாட் விஎன்’ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே கார்டை எடுக்க வேண்டும். நுழையும் விமான நிலையத்தையும் படிவத்தில் குறிக்க வேண்டியிருப்பதால், விமானத் திட்டம் உறுதியான பிறகு விசாவுக்குப் போவதே சரியான வரிசை.

இவற்றுக்கெல்லாம் முன்பாகவே ஹோய் ஆன் விடுதியைப் பிடித்து வைத்திருந்தோம், ஏனெனில் விளக்கு இரவை ஒட்டிய நாட்களில் பழைய நகரத்துக்கு அருகிலுள்ள அறைகள் முதலில் நிரம்பிவிடும். கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்ற நிபந்தனையோடு எடுத்தோம். அந்தக் கெடு பெரும்பாலும் விடுதி இருக்கும் ஊரின் நேரப்படி கணக்கிடப்படுவதையும் கவனிக்க வேண்டும். வியட்நாமில் நள்ளிரவு ஆகும்போது நமக்கு இரவு 10.30தான்.

நான் மிகவும் ரசித்துச் செய்தது ரயில் முன்பதிவு. ஹனோயையும் சைகோனையும் இணைக்கும் 1,726 கிலோமீட்டர் பாதை இன்றும் மீட்டர் கேஜ்தான். அந்தக் கால ராமேஸ்வரம் ரயிலில் போன அம்மாவுக்கு இதைச் சொன்னதும் விமானத்தைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது. ஹனோயிலிருந்து ஹுவேக்கு இரவு ரயிலில் நான்கு பெர்த் கொண்ட அறையை எடுத்தோம். ஆறு பெர்த் அறை மலிவு, ஆனால் நடு பெர்த்தில் நிமிர்ந்து உட்கார முடியாது. மூட்டுவலி உள்ளவர்களோடு போகிறவர்கள் லோயர் பெர்த்துக்கான கூடுதல் பணத்தைத் தயங்காமல் கொடுக்கலாம். ஹுவேயிலிருந்து டா நாங் வரையிலான சுமார் நூறு கிலோமீட்டரைப் பகலில், உட்காரும் பெட்டியில், இடப்பக்க ஜன்னலோரத்தில் பதிவு செய்ய வேண்டும். ஹாய் வான் மலையைச் சுற்றிக்கொண்டு ரயில் மெதுவாக ஊர்கிறபோது, காட்டுச் சரிவுக்குக் கீழே கடல் அந்தப் பக்கம்தான் வருகிறது. ஹோய் ஆனுக்கு ரயிலும் இல்லை, விமான நிலையமும் இல்லை. டா நாங்கிலிருந்து முப்பது கிலோமீட்டர் காரில் போக வேண்டும்.

ஹா லாங் விரிகுடாவில் படகில் தங்கும் திட்டத்தை ஹனோய் நாட்களின் கடைசியில் வைக்காமல் தொடக்கத்தில் வைத்தோம். மூடுபனியோ காற்றோ வந்தால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அடுத்த நாள் இரவு ரயில் காத்திருந்தால் மாற்று நாள் கிடைக்காது. ஹோய் ஆனிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில், அந்தக் காலத்தில் மத்திய வியட்நாமை ஆண்ட சாம் அரசர்கள் எழுப்பிய மி சன் சிவாலயங்களுக்கு முன்பதிவே தேவைப்படவில்லை. இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே சீரமைப்புப் பணி செய்தபோது 2020-ல் ஒரே மணற்கல்லாலான லிங்கத்தைக் கண்டெடுத்தார்கள் என்பதை அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்ததால், காலை ஐந்து மணிக்கே அவர்தான் எங்களை எழுப்பினார்.

சாப்பாட்டைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்பட வேண்டாம். ‘சாய்’ என்ற பலகை தொங்கும் கடைகள் முற்றிலும் சைவம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிப் பல பௌத்தர்கள் சைவம் மட்டுமே உண்பதால், நாங்கள் ஹோய் ஆனில் இருந்த நாட்களில் அந்தக் கடைகளில்தான் கூட்டம்.

டா நாங்கிலிருந்து சைகோனுக்கு மட்டும் உள்நாட்டு விமானம். அங்கே மலிவு டிக்கெட்டில் கைப்பை ஏழு கிலோதான். பன்னாட்டு டிக்கெட்டில் கிடைத்த எடை இதற்குச் செல்லாது என்பதால், பெட்டிக்கான எடையை முன்பதிவின்போதே வாங்கினோம். விமான நிலையத்தில் கேட்டால் அதற்குப் பல மடங்கு ஆகும். சைகோனில் விடுதியைத் தவிர எதையும் முன்பதிவு செய்யவில்லை. வியட்நாம் போரில் கெரில்லாப் படையினர் பயன்படுத்திய கூ சி சுரங்கங்களுக்கான வண்டியை முந்தைய மாலைகூடச் சொல்லிக்கொள்ளலாம். தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் பென் தான் சந்தையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது.