ஃபில்டரோடு வராத ரப்பர் வளையம்

சர்வீஸ் முடிந்து கார் வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில், எதற்கும் பார்க்கலாமே என்று பானெட்டைத் திறந்து, ஆயில் மட்டத்தைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவினேன். மேல் கோட்டையும் தாண்டி ஒரு விரற்கடை அளவுக்கு ஆயில் ஏறியிருந்தது. கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று அதுவரை நினைத்திருந்தேன். அது தவறு. மட்டம் மிகவும் உயர்ந்துவிட்டால், இயந்திரத்துக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயிலால் உலோகத்துக்கு நடுவே சரியாகப் படலம் கட்ட முடியாது. வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் அதிகப்படியை எடுக்க வைத்தேன். அடுத்த முறை ஆயில் மாற்றும் வேலையை நானே செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் செய்தது, கையேட்டை நிதானமாகப் படித்தது. ஆயில் அளவு என்று அதில் இரண்டு எண்கள் இருந்தன, ஃபில்டர் மாற்றினால் ஒன்று, மாற்றாவிட்டால் இன்னொன்று. என் வண்டிக்கு ஃபில்டரோடு சேர்த்து 3.5 லிட்டர், தரம் 5டபிள்யூ-30. அந்த ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிப்பது; முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னால் உள்ளது இயந்திரம் சூடேறிய பிறகு அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன. கெட்டியான ஆயில்தான் நல்லது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் எழுதியதையே நான் நம்பினேன்.

அடுத்தது வண்டியைத் தூக்குவது. இதில் மட்டும் யாரும் அவசரப்படக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுத்து உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். சமதளமான கான்கிரீட் தரையில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தேன். கையேட்டில் காட்டிய இடங்களில் இரண்டு ஸ்டாண்டுகளை வைத்து எடையை அவற்றின் மேல் இறக்கினேன். பிறகு வண்டியின் பக்கவாட்டைப் பிடித்து நன்றாகத் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை என்று உறுதியான பிறகுதான் உள்ளே போனேன்.

அதற்கு முன் ஐந்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்தியிருந்தேன். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் அழுக்கையும் இழுத்துக்கொண்டு வடியும். கொதிக்கக் கொதிக்க இருந்தால் கை வெந்துவிடும்.

அடியில் படுத்துப் பார்த்தால் இரண்டு போல்ட்டுகள். ஒன்று ஆயில் தொட்டியினுடையது, மற்றொன்று கியர் பெட்டியினுடையது. ஆள் மாறிப்போய் கியர் ஆயிலை வடித்துவிட்டு, அதற்கு மேல் இயந்திரத்தில் புது ஆயிலையும் ஊற்றிவிடுவது பலருக்கு நேர்ந்திருக்கிறது. ஆயில் ஃபில்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்து தொட்டியைக் கண்டுபிடித்தேன்.

ரிங் ஸ்பானரால் கால் சுற்று இளக்கி, மீதியைக் கையுறை போட்ட விரல்களாலேயே திருப்பினேன். திருப்பும்போது போல்ட்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி மரை விட்டதை விரல் உணர்ந்த நொடியில் சட்டென்று கையை விலக்கினேன். நேராகக் கீழே விழும் என்று நினைத்த ஆயில் வில்லாக வளைந்து ஒரு முழம் தள்ளிப் போய் விழுந்தது; நல்ல வேளையாகத் தட்டு அகலமானது. தொட்டியில் மட்டம் குறையக் குறைய அந்த வில் உள்நோக்கி வந்து, செங்குத்தான கருப்பு நூலாகி, கடைசியில் சொட்டுகளானது. சொட்டு நிற்கக் கால் மணி நேரம் காத்திருந்தேன். போல்ட்டின் நுனிக் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மை போலக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது வழக்கமான தேய்மானம். மினுமினுக்கும் உலோகச் செதில்கள் இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

ஃபில்டரைக் கழற்றியபோது நடந்ததற்காகவே இதை எழுத உட்கார்ந்தேன். கழற்றிய பழையதைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவு சரி, மரை சரி. ஆனால் பழையதில், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைக் காணோம். பள்ளம் வெறுமையாக இருந்தது. டார்ச் அடித்து மேலே பார்த்தால், கருப்பு இயந்திரத்தின் மேல் கருப்பு வளையம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் ஓரத்தை நெம்பி உரித்தெடுத்தேன். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டியிருந்தால் வளையத்தின் மேல் வளையம் அமர்ந்திருக்கும். கையால் முடுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியாது. வண்டியைக் கிளப்பி அழுத்தம் ஏறியதும் மேல் வளையம் பிதுங்கி, சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் வெளியே போய்விடும். ஆயில் இல்லாமல் ஓடும் இயந்திரம் அதன்பின் வெகு நேரம் தாங்காது. பழையதைக் குப்பையில் போடும் முன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இயந்திரத்தின் முகப்பைத் துணியால் துடைத்து, புது வளையத்தின் மேல் விரலால் புது ஆயிலைப் பூசி, ரப்பர் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்று கையாலேயே முடுக்கினேன். வடிகால் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டேன். அந்த போல்ட்டையும் விரலால்தான் தொடங்க வேண்டும். என் வண்டியின் ஆயில் தொட்டி அலுமினியம்; மரை கோணலாக ஏறி, அதை ஸ்பானரால் வம்படியாகத் திருகினால் தொட்டியே போய்விடும். நான்கைந்து சுற்று தடையில்லாமல் ஏறிய பிறகே, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை எடுத்து, கையேடு சொன்ன 35 நியூட்டன் மீட்டரில் ‘க்ளிக்’ சத்தம் வந்ததும் நிறுத்தினேன்.

மேலிருந்து 3 லிட்டர் ஊற்றினேன். பிறகு தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, ஆயில் விளக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, நான் எட்ட நின்று டார்ச் அடித்தேன். இயந்திரம் கிளம்பியது. காலியான ஃபில்டர் நிரம்பும் வரை விளக்கு எரியும் என்று தெரிந்திருந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். மூன்று நான்கு நொடிகள். “அக்கா, அணைந்துவிட்டது!” ஃபில்டரின் விளிம்பிலும் போல்ட்டிலும் ஈரம் இல்லை.

வண்டியைக் கீழே இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு, சமதளத்தில் டிப்ஸ்டிக் பார்த்தேன். கீழ்க்கோட்டுக்குச் சற்று மேலே இருந்தது. கொஞ்சம் ஊற்றுவது, பார்ப்பது, மறுபடி கொஞ்சம் ஊற்றுவது என்று மேல் கோட்டுக்கு ஒரு நூல் கீழே வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

பழைய ஆயிலைக் காலி டப்பாவில் ஊற்றி அளந்தேன், 3.1 லிட்டர். ஃபில்டரிலும் இயந்திரத்தின் இண்டு இடுக்குகளிலும் தங்கியதையும் சேர்த்துப் பார்த்தால், இயந்திரம் ஆயிலைக் குடிக்கவில்லை என்று புரிந்தது. மூடியை இறுக்கி, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிட்டேன். ஒரு சொட்டைக்கூடச் சாக்கடையிலோ மண்ணிலோ விடாதீர்கள். கையுறையும் கட்டாயம், பயன்படுத்திய ஆயில் தோலில் திரும்பத் திரும்பப் படுவது புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியது.

அன்றிரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தேன். காலையில் அதில் ஒரே ஒரு சொட்டு. மனம் திக்கென்றது. அடியில் போய்த் துடைத்துப் பார்த்தால், முந்தைய நாள் வில்லாகப் பாய்ந்தபோது குறுக்குச் சட்டத்தில் தெறித்துத் தங்கியிருந்த கருப்பு ஆயில் அது. துடைத்துவிட்டு அட்டையைத் திருப்பிப் போட்டேன். மறுநாள் அட்டை உலர்ந்திருந்தது. குறிப்பேட்டில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி, புது ஃபில்டர் வந்த பெட்டியின் எண்ணையும் பக்கத்தில் குறித்து வைத்தேன்.