பந்துக்கு எடை வந்த ராத்திரி

பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ஒரு சின்னக் காட்சி செய்துகொண்டிருக்கிறேன். வாசற்படியில் அகல்விளக்கு, பக்கத்தில் ஒரு ரப்பர் பந்து விழுந்து துள்ள, விளக்கின் வெளிச்சம் நடுங்க வேண்டும். பந்துக்கு மட்டும் மூன்று ராத்திரி ஆகிவிட்டது.

முதலில் நேரக் கணக்கு. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட 0.45 விநாடி ஆகும். விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வைத்தால் கிட்டத்தட்ட 11 ஃபிரேம். ஒவ்வொரு முட்டலிலும் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் அடுத்த உயரம் 64 சென்டிமீட்டர், அதற்கடுத்தது 41. ஆக, 1-ஆம் ஃபிரேமில் உச்சி. 12, 29, 43-இல் தரை.

ஓட்டிப் பார்த்தால், தரை நெருங்க நெருங்க பந்தின் வேகம் தணிந்து, யாரோ பஞ்சுமெத்தையில் இறக்கி வைப்பதுபோல் இருந்தது. ஃபிரேம் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்ததிலேயே முதல் ராத்திரி போனது. எண்ணில் தப்பே இல்லை. அசைவை வளைகோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரைத் திறந்ததும் காரணம் தெரிந்தது: உச்சி, பள்ளம் எல்லாவற்றையும் பிளெண்டர் தானாகவே வழவழப்பாக வளைத்து வைத்திருந்தது. உச்சியில் அது சரி. தரையில் கோடு கூராக முறிய வேண்டும்.

தரைக் கீஃப்ரேம்களை (இந்த ஃபிரேமில் பந்து இங்கே என்று நான் குறித்த புள்ளிகளை) மட்டும் தேர்வு செய்து, வி விசையை அழுத்தி, கோட்டின் வளைவைத் தீர்மானிக்கும் கைப்பிடிகளை வெக்டர் வகைக்கு மாற்றினேன். பஞ்சு போனது, எடை வரவில்லை. உள்ளே காற்று மட்டுமே இருக்கிற பந்துபோல விழுந்தது. இதைத்தான் வெகுநேரம் யோசித்தேன். வெக்டர் கைப்பிடி பக்கத்துக் கீஃப்ரேமை நேராகப் பார்த்து நிற்கிறது. அதாவது பந்து தன் சராசரி வேகத்தில்தான் தரையை முட்டுகிறது. நிஜத்தில் விழும் பொருள் முட்டும்போது அதன் வேகம் சராசரியைப்போல் இரண்டு மடங்கு!

அதனால் கைப்பிடிகளை ஃப்ரீ வகையாக்கி, கையாலேயே நகர்த்தினேன். உச்சியில் கைப்பிடி படுக்கையாக, இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு நீளம். தரையில் கைப்பிடியின் நுனி முட்டலுக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம் முந்தி, ஆனால் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. முதல் விழுதலுக்கு அது சுமார் 67 சென்டிமீட்டர், அடுத்த துள்ளலுக்கு 43. ஓட்டினேன். அதே கீஃப்ரேம்கள், அதே எண்கள். பந்து ‘டப்’பென்று விழுந்தது. சத்தமே சேர்க்கவில்லை, எனக்குக் கேட்டது.

அப்புறம் விளக்கு. சுடருக்காக வைத்த பாயிண்ட் லைட்டின் (ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் வீசும் ஒளியின்) பவர் 60 வாட். அதன்மேல் சுட்டியை வைத்து ஐ விசையை அழுத்தி ஒரு கீஃப்ரேம் போட்டேன். அது இல்லாமல் வளைகோடே கிடையாது. கோட்டின்மேல், அதை ஒழுங்கில்லாமல் நடுங்க வைக்கும் நாய்ஸ் மாடிஃபையர். அதன் வலிமை தொடக்கத்தில் 1 என்று இருக்கும். அப்படியானால் மேலும் கீழும் அரை வாட்தான் மாறும்; 60 வாட்டில் அது கண்ணுக்கே தெரியாது. 24 வைத்தேன். நடுக்கத்தை நிதானமாக்கும் ஸ்கேல் 1-இல் இருந்தபோது வெளிச்சம் பழுதான டியூப்லைட் மாதிரி வெட்டியது. 5-இல் எண்ணெய்த் திரியின் நிதானம் வந்தது.

நடுக்கம் 12-ஆம் ஃபிரேமிலேயே தொடங்கியபோது பொய்யாகப் பட்டது. பந்து கிளப்பிய காற்று விளக்குக்கு வந்து சேர நேரம் வேண்டாமா? நாய்ஸின் ஃபிரேம் எல்லையை 14-இல் தொடங்கி, முடிவில் மெல்ல அடங்கும்படி வைத்தேன். அடுத்து 29, 43-ஆம் ஃபிரேம் முட்டல்களுக்கும் தனித்தனி நாய்ஸ், படிப்படியாகக் குறைந்த வலிமையில் போட வேண்டும்.