எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு குளம்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் பெரிய நகரத்தில்தான் இருந்தோம். வாடகை கட்டுப்படியாகாமல், ஒரு கிராமத்து ஓரத்தில் புதிதாகக் கட்டிய குடியிருப்புக்கு மாறினோம். ஊர்க்காரர்கள் நல்லவர்கள். பார்த்தால் சிரிப்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது.

ஊர் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் உள்ளூர் வரலாற்றுச் சங்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது: பழைய ஆவணங்களைக் கணினியில் ஏற்ற ஆள் வேண்டும். இந்த ஊரின் வரலாற்றில் நமக்கு என்ன வேலை என்று யோசித்தபடியேதான் போனேன். போய்ப் பார்த்தால் செயலாளர் வேல்ஸிலிருந்து வந்தவர், பொருளாளர் ஸ்காட்லாந்துக்காரர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லையாம். எனக்கு அப்போதே பாதி பயம் போய்விட்டது.

சங்கம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மண்டபத்தின் பின்னறையில் இரண்டு இரும்பு அலமாரி, ஒரு ஸ்கேனர், சந்தா கட்டும் கொஞ்சம் பேர். சம்பளம் யாருக்கும் கிடையாது. பயன்பாட்டில் இல்லாத சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை ஒரு பவுண்டுக்கு ஊர்களிடம் கொடுக்கும் திட்டம் ஒன்று இங்கே உண்டு. அப்படி வாங்கிய கூண்டுக்குள் பழைய புகைப்படங்களை மாட்டிவைத்திருக்கிறார்கள். ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் வெளியே காத்திருக்க வேண்டும், அருங்காட்சியகம் அவ்வளவுதான்.

எனக்குக் கிடைத்த வேலை தசமபாகப் பதிவேடு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை 1836இல் ஒரு சட்டம் பணமாகக் கட்டும்படி மாற்றியது. யார் எவ்வளவு கட்டுவது என்று கணக்கிட, ஊர் ஊராக வரைபடம் போட்டு ஒவ்வொரு வயலுக்கும் எண் கொடுத்தார்கள். உடைமையாளர் யார், பயிரிடுபவர் யார், வயலின் பெயர் என்ன, உழவு நிலமா புல்வெளியா, பரப்பு எவ்வளவு என்று எல்லாம் வரிசையாக எழுதியிருக்கும். பரப்பு மட்டும் ஏக்கர், ரூட், பெர்ச் என்று இருக்கும். நாற்பது பெர்ச் ஒரு ரூட், நான்கு ரூட் ஒரு ஏக்கர். எக்செல்லுக்கு இது புரியவே புரியாது. தனியாகச் சூத்திரம் எழுத வேண்டியிருந்தது. அதற்காகச் சங்கத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை, அலுவலகத்தில் இதுவரை கிடைத்ததில்லை.

அப்புறம் ஒருநாள், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய நில அளவை வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். இங்கிலாந்து வரைபடங்களும் அங்கே இலவசமாகவே கிடைக்கின்றன. எங்கள் தெரு இருக்கும் இடத்தில் ஒரு குளம்! குளிர்காலம் முழுக்க எங்கள் பின்தோட்டத்தில் தண்ணீர் தேங்குவதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே தொல்லைதான். படத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். மழையைத் தாண்டிப் பேச்சு போனது அன்றைக்குத்தான். மழையில்தான் ஆரம்பித்தது, அது வேறு விஷயம்.

பழைய தாள்களைக் கையாளும் முறையும் அங்கே படித்ததுதான். தாளைத் தொடக் கையுறை வேண்டாம்; கை சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால் போதும். புகைப்படத்துக்குத்தான் கையுறை. துருப்பிடித்த கிளிப்பை மெதுவாகக் கழற்ற வேண்டும். செலோடேப் பக்கமே போகக்கூடாது. படத்தின் பின்னால் பென்சிலால் மட்டும் எழுத வேண்டும். பெயர் எழுதாத படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. திருமணக் கோலத்தில் நிற்கிறார்கள், கிரிக்கெட் மட்டையோடு நிற்கிறார்கள். யாரென்று சொல்ல ஆளில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்டேன். இங்கே அந்தத் தாள்களை நூறு வருடம் மூடிவைத்துவிட்டுத்தான் வெளியிடுவார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில் வந்தது. 1931க்கானது 1942இல் தீயில் எரிந்துபோனது. 1941இல் போர் காரணமாகக் கணக்கே எடுக்கவில்லை. அடுத்தது 1951, அது 2052இல்தான் வெளிவரும். நடுவே 1939 செப்டம்பரில் எடுத்த போர்க்காலப் பதிவேடு ஒன்றுதான் கைகொடுக்கிறது. மீதியை மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அதனால் முதியவர்களின் பேச்சைப் பதிவுசெய்கிறோம். நான் பொத்தானை அழுத்துகிறவன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் என் வேலை. தொண்ணூறு தாண்டிய ஓர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கே எழவில்லை. ஆனால் அவரோ பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார். எங்கள் குளத்தைப் பற்றிக் கேட்டேன். பனிக்காலத்தில் உறைந்ததும் பிள்ளைகள் அதன்மேல் சறுக்கி விளையாடுவார்களாம். அதை மூடுவதற்கு லாரி லாரியாகச் செங்கல் இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டினார்களாம். எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் இது. தோட்டத்தில் மண்வெட்டி போட்டால் ஏன் செங்கலில் இடிக்கிறது என்றும் தெரிந்தது.

இப்போது சங்கத்தில் என் யோசனை ஒன்று நடக்கிறது. புதிய குடியிருப்பையும் படமெடுத்து அலமாரியில் வைக்க வேண்டும்: வாசலில் குடும்பம், பின்னால் பென்சிலில் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்த வருடம். இது என்ன வரலாறு என்று குழுவில் ஒருவர் முணுமுணுத்தார். பெயரில்லாத படங்கள் இருக்கும் பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். சரி என்றுவிட்டார். எங்கள் தெருப் பொறுப்பு எனக்கு. முக்கால்வாசி வீடு முடிந்தது. கடைசி வீட்டுக்காரர்கள் மட்டும், வேலியைச் சரிசெய்த பிறகு வாருங்கள் என்கிறார்கள்.